விலை இறங்கிய ஹோட்டல், இறங்காத வாடகை

இலங்கை மலையகத்தில் எல்லவிலோ அப்புத்தளையிலோ நுவரெலியாவிலோ ஒரு ஹோட்டல் குத்தகைக்கு வருகிறது என்ற செய்தி, கூட்டம் வற்றிய காலத்தில்தான் நம் காதுக்கு எட்டுகிறது. அறைகள் நிறைந்திருக்கும்போது யாரும் சாவியைக் கைமாற்றுவதில்லை. வங்கியிலிருந்து கடிதம் வரத் தொடங்கிய பிறகே, 'நல்ல ஆள் இருந்தால் சொல்லுங்கள்' என்று தரகரிடம் சொல்லிவைக்கிறார்கள். தரகர் அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடங்களை நான் அறிவேன். கத்தாரிலும் டுபாயிலும் சமையல்கட்டில் நின்று காசு சேர்த்து ஊர் திரும்பியவர். தோட்டத்தில் ஓய்வு பெற்ற அப்பா அம்மாவின் சேமலாப நிதியைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை. கனடாவில் இருக்கும் மாமாவின் பணத்துக்கு இடம் தேடும் மருமகன். இவர்கள் யாருக்கும் இரண்டாவது முறை சேர்த்துக்கொள்ளப் பணம் கிடையாது.

ஹட்டனுக்கும் பண்டாரவளைக்கும் இடைப்பட்ட சில சிறிய விடுதிகளின் கணக்குகளைப் பார்ப்பது என் தொழில். ஒரு தலைமுறை உழைப்பு எப்படி ஒரே குத்தகைப் பத்திரத்தில் கரைந்துபோகிறது என்பதைப் பேரேட்டில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு தம்பி வந்தார். சவூதியிலிருந்து திரும்பியவர், நல்ல சமையற்காரர். "அண்ணன், போன வருடம் கேட்ட வாடகையில் பாதிதான் இப்போது கேட்கிறார்கள். இப்போது எடுக்காவிட்டால் பிறகு எப்போது எடுப்பது?" என்றார். அவருடைய ஆசையில் பிழையில்லை. மலையகத்தில் நம் பிள்ளைகள் மற்றவர் ஹோட்டல்களில் அறை துடைத்தும் தட்டு ஏந்தியும் காலம் கழித்தது போதும், சொந்தமாக ஒன்று நடத்தட்டும் என்று நானும்தான் விரும்புகிறேன். ஆனால் சுற்றுலா விழுந்து கிடக்கும்போது ஹோட்டல் எடுப்பவர், கட்டடத்தோடு சேர்த்து ஒரு காத்திருப்பையும் விலைக்கு வாங்குகிறார். அந்தக் காத்திருப்புக்கு முடிவுத் தேதி யாரும் எழுதித் தருவதில்லை. வாடகைக்கு மட்டும் தேதி இருக்கிறது.

நாட்டின் அண்மைக்கால வரலாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் இலங்கைக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறத்தாழ 23 லட்சம் பேர். அந்த உற்சாகத்தில், 2019 ஜனவரியில் ஒருவர் எல்லவில் ஐந்து வருடக் குத்தகைக்கு ஒரு விடுதியை எடுத்திருந்தால் அவருக்கு என்ன நடந்திருக்கும்? ஏப்ரல் 21ஆம் தேதி உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல். அதே வருட இறுதியில் கொஞ்சம் தலைதூக்கியபோது, 2020 மார்ச்சில் கொரோனாவால் விமான நிலையம் மூடப்பட்டது. 2021 ஜனவரியில் திறந்தார்கள். அந்த வருடம் முழுவதும் வந்தவர்கள் 2 லட்சம் பேருக்கும் குறைவு. 2022இல் டொலர் இல்லை, எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை. ஜூன் இறுதியில் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு எரிபொருள் விநியோகமே நிறுத்தப்பட்டது. கொழும்பிலிருந்து மலையேற வானுக்கு டீசல் கிடைக்காதபோது எல்லவின் மலைக்காட்சியால் என்ன பயன்? 2023இல் வருகை ஏறத்தாழ 15 லட்சம். அத்தோடு அவருடைய ஐந்து வருடமும் முடிந்துவிட்டது. 2024இல் வருகை மீண்டும் 20 லட்சத்தைத் தாண்டியபோது, அந்த அறைகளில் வேறொருவரின் விருந்தினர்கள் தூங்கினார்கள்.

அதைவிடக் கொடுமை, 2019 இறுதியில் 'இதுதான் அடிமட்டம், இனி ஏற்றம்தான்' என்று நம்பி எடுத்தவர்களின் நிலை. அடிமட்டம் என்று அவர்கள் நினைத்தது முதல் படிதான். வீழ்ச்சிக்குள் நிற்பவருக்கு அது எங்கே முடியும் என்று தெரிய வழியில்லை.

மலைநாட்டுக்கு இன்னொரு தனித்த ஆபத்தும் இருக்கிறது. நாடு முழுவதற்குமான எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே நம் பக்கம் மட்டும் காய்ந்துபோகலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மண்சரிவுகள் உயிர்களைக் குடித்தன, வீதிகள் அறுந்தன, மலையக ரயில் பாதை சிதைந்தது. அது டிசம்பர் பருவம் தொடங்கும் நேரம். கடற்கரைக்குப் போகிறவர் போய்க்கொண்டே இருப்பார். ரயிலில் ஏறி ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க வருகிறவர், ரயில் இல்லையென்றால் வரமாட்டார். ஆகவே தரகர் நாட்டின் மொத்த வருகையைக் காட்டிப் பேசினால், அந்தப் பேச்சைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். அந்தத் தம்பிக்கு ஒரு தாளில் போட்டுக் காட்டியது இதுதான். எண்கள் உதாரணத்துக்கு மட்டும். பத்து அறைகள். ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10,000 ரூபாய். இணையத்தளம் மூலம் வரும் பதிவுக்கு 15 சதவீதம் தரகு என்று வைத்தால் கைக்கு வருவது 8,500. காலை உணவு, துணி வெளுப்பு, சவர்க்காரம், சுடுதண்ணீர் என்று 2,500 போகும். மிச்சம் 6,000. இப்போது மாதாந்தம் நிற்கும் செலவைப் பாருங்கள்: வாடகை 4 லட்சம், ஆறு பேரின் சம்பளமும் சேமலாப நிதியும் சேர்த்து 4 லட்சம், மின்சாரமும் பிற கட்டணங்களும் ஒன்றரை லட்சம், பழுதுபார்ப்பு அரை லட்சம். மொத்தம் 10 லட்சம். 10 லட்சத்தை 6,000ஆல் வகுத்தால் 167 அறை இரவுகள். மாதத்தில் இருப்பது 300. பாதிக்குச் சற்று மேல் நிரம்பினால் போதும், தப்பிவிடலாம். தம்பியின் முகம் மலர்ந்தது.

அடுத்த வரியை எழுதினேன். கூட்டம் குறைந்ததும் அக்கம்பக்கத்து விடுதிகள் விலையைக் குறைக்கும். நாமும் 10,000 ரூபாய் அறையை 7,000 ரூபாய்க்குக் கொடுக்க வேண்டி வரும். தரகு போக 5,950. அதே 2,500 செலவு போக மிச்சம் 3,450. இப்போது அதே 10 லட்சத்தைச் சமாளிக்க 290 இரவுகள் விற்க வேண்டும். 300இல் 290! விலை மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. ஆனால் ஏறத்தாழ ஒவ்வோர் அறையும் ஒவ்வோர் இரவும் நிரம்பினால்தான் நட்டமில்லை என்ற நிலை. கூட்டம் இல்லாத காலத்தில் யார் நிரப்புவது? ஹோட்டல் தொழிலில் நட்டம் வருவது காலி அறைகளால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மலிந்த விலைக்கு நிரம்பிய அறைகளும் ஆளை மூழ்கடிக்கும்.

இதற்கு உரிமையாளர் சொல்லும் பதில் தயாராக இருக்கும்: 'ஏப்ரலில் பாருங்கள், ஓர் அறையும் காலியில்லை.' நுவரெலியாவில் ஏப்ரல் வசந்தகாலம் அப்படித்தான் இருக்கும். பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம், புத்தாண்டு விடுமுறை என்று உள்ளூர் மக்கள் குவிவார்கள். அறை வாடகை பல மடங்காகும். அந்த இரண்டு வாரக் கணக்கை வைத்து வருடத்தை எடைபோடக் கூடாது. பன்னிரண்டு மாதக் கணக்கையும் கேளுங்கள். கையால் எழுதிய பதிவுப் புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். பொய் சொல்லத் தெரியாத சில தாள்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது மின்சாரப் பட்டியல். அறைகள் நிரம்பிய மாதத்தில் சுடுநீர்க் கொதிகலன் ஓடும், அலகுகள் ஏறும். பிப்ரவரியில் அறைகள் நிறைந்திருந்தன என்று சொன்ன ஓரிடத்தில் பட்டியலைப் பார்த்தேன். ஆள் இல்லாத ஜூன் மாதத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. அடுத்தது வரிப் பத்திரங்கள்: பதிவுபெற்ற ஹோட்டல்கள் புரள்வில் (மொத்த விற்பனையில்) 1 சதவீதம் சுற்றுலா அபிவிருத்தி வரி கட்ட வேண்டும். கட்டிய ரசீதிலிருந்து உண்மையான வியாபாரம் எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். 'வரிக்காகக் குறைத்துக் காட்டினோம்' என்று சொன்னால், அந்தக் கூடுதல் வருமானம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முன்பதிவு இணையத்தளத்தின் உள்கணக்கு. உரிமையாளரையே உங்கள் கண்முன் அதைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதே நேரத்தில், ஏற்கெனவே முற்பணம் வாங்கிய பதிவுகள் எத்தனை என்றும் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் காசு அவர் கையில், விருந்தினர் உங்கள் வாசலில் என்று ஆகிவிடும்.

கட்டடத்தைப் பார்க்க வேண்டிய காலம் மழைக்காலம். இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழை பெய்யும் ஜூன், ஜூலை. எல்ல, பண்டாரவளை உள்ள ஊவாப் பக்கம் என்றால் நவம்பரிலிருந்து ஜனவரி வரை. அப்புத்தளைக்கு அருகில் சில மாதங்கள் மூடிக் கிடந்த ஒரு விடுதியை மழையில் பார்த்த நினைவு இன்னும் அகலவில்லை. வரவேற்பறையில் புதுச் சாயம் பளபளத்தது. மாடியறையில் அலுமாரியைச் சற்று நகர்த்தியதும் அதன் பின்சுவர் முழுவதும் கறுப்புப் பூஞ்சணம். மெத்தையில் கையை வைத்து அழுத்தினால் உள்ளங்கை ஈரமானது. குளியலறைச் சுடுநீர்க் குழாயிலிருந்து துரு கலந்த செந்நீர் வந்தது. வெளியே வந்து தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டோம். கறுப்பு அல்கதீன் பிளாஸ்டிக் குழாய் ஒன்று கொல்லைப்புறத்தால் ஏறி, பக்கத்துக் காணியைக் கடந்து, தேயிலைக்குள் புகுந்து, தோட்டத்து ஊற்றில் முடிந்தது. அந்த ஊற்று தோட்டத் தொழிலாளர் லயத்துக் குடும்பங்களும் குடிக்கும் ஊற்று. வெயில் காலத்தில் அங்கே தண்ணீர் மெலிந்தால், விடுதி விருந்தினர் குளிப்பதா, குழந்தைகள் குடிப்பதா? எழுத்தில் எந்த உரிமையும் இல்லை. முந்தைய உரிமையாளர் யாரோ ஒருவரிடம் வாய்மொழியாகப் பேசிய ஏற்பாடுதான். அந்த இடத்துக்கு நான் வேண்டாம் என்றேன். லாப நட்டத்தையும் தாண்டி, நம் மக்களின் குடத்திலிருந்து எடுக்கும் தண்ணீரில் நடக்கும் தொழிலை நம்மவர் ஏற்கக் கூடாது என்பது என் கருத்து.

மழையில் பார்க்க வேண்டிய மற்றொன்று கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு. சுவரில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், மதிலடியில் புதிதாகக் கசியும் நீர் ஆகியவற்றைப் பாருங்கள். மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்டத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி தேவை. அந்தப் பத்திரம் இருக்கிறதா, அது எத்தனை மாடிக்கு வழங்கப்பட்டது என்று கேளுங்கள். காட்சி நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அனுமதியில்லாமல் ஒரு மாடியை ஏற்றிய கட்டடங்கள் மலையில் குறைவில்லை. அனுமதியில்லாத மாடிக்கு வாடகை கொடுப்பவர், இடிக்கச் சொல்லி வரும் கடிதத்தையும் வாங்க வேண்டியிருக்கும்.

இனிக் காணி. கடலோரத்தில் ஹோட்டல் வாங்குவதற்கும் மலையில் வாங்குவதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இங்கேதான். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் பெருந்தோட்டங்கள் அரசின் கைக்குப் போயின. 1992இல் நிருவாகம் பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கொடுக்கப்பட்டது. மண் அரசினுடையதாகவே இருந்தது. ஆகவே, அழகான பழைய துரை பங்களாவை 'குத்தகைக்குத் தருகிறோம்' என்றால், கம்பனியே ஒரு குத்தகைக்காரர்தான். அவருடைய காலம் முடியும் நாளுக்கு அப்பால் உங்களுக்கு எதையும் தர அவரால் முடியாது. மூலக் குத்தகையைப் பார்க்காமல் பங்களாவின் தேக்குத் தரையைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள்.

எல்லவைச் சுற்றிலும் வேறு பல கிராமங்களிலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகளும் அளிப்புக் காணிகளும் இருக்கின்றன. பயிர்செய்து குடியிருக்க அரசு கொடுத்த அந்தக் காணியில் இப்போது நான்கு அறை விடுதி நிற்கும். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைக் கைமாற்றினால் அது சட்டத்தில் செல்லாது. நீங்கள் கொடுத்த பணத்துக்குப் பதிலாகக் கையில் இருப்பது வெறும் தாள்.

எந்தக் காணியானாலும் சட்டத்தரணி ஒருவரைக் கொண்டு காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யாமல் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். அந்தச் சட்டத்தரணி உங்களுக்கானவராக இருக்க வேண்டும். விற்பவர் அழைத்துவரும் நொத்தாரிசு (பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) விற்பவருக்கானவர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு அத்தாட்சியோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு முதல் இருக்கும் விதி. எழுதிய பத்திரத்தைப் பதிவும் செய்யுங்கள். பதியாவிட்டால், பின்னால் எழுதி முன்னால் பதிந்தவர் உங்களை முந்திவிடலாம். நம் பகுதியில் பெரும்பாலான பத்திரங்கள் சிங்களத்தில் எழுதப்படுகின்றன. வெட்கம் பார்க்காமல், ஒவ்வொரு பந்தியையும் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்ட பிறகு கையொப்பம் வையுங்கள். 'எல்லாம் வழக்கமாக எழுதுவதுதான்' என்ற ஒரு வாக்கியத்தை நம்பி, வாடகையை டொலர் பெறுமதியில் ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. ஆள் வராத ஹோட்டலின் வாடகை அத்தனை வேகத்தில் ஏறியது.

வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினரின் பணமென்றால் இன்னும் ஒரு கவனம் தேவை. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது, குத்தகைக்கு எடுக்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்கு அந்தத் தடையில்லை. அதைச் சரிபார்க்காமல், ஊரிலுள்ள மச்சானின் பெயரில் எழுதிவிட்டுப் பிறகு குடும்பம் இரண்டாகப் பிளந்த கதைகளை இங்கே எழுத விரும்பவில்லை.

வாங்குகிறவருக்கு வங்கிக் கடன் என்றொரு பாரமும் உண்டு. 2021இல் ஒற்றை இலக்க வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள் மகிழ்ந்தார்கள். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது; அந்த வருட இறுதியில் வங்கிகளின் முதல்தர வாடிக்கையாளர்களே 25 சதவீதத்துக்கு மேல் வட்டி கட்டினார்கள். அதே காலத்தில் மின்கட்டணம் சராசரியாக 2022 ஆகஸ்டில் 75 சதவீதமும் 2023 பிப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியது. வீழ்ச்சிக் காலத்தில் துன்பங்கள் தனித்தனியாக வருவதில்லை. சலுகைக் காலம் கிடைத்தது உண்மைதான். ஆனால் தவணையைத் தள்ளிப்போட்ட மாதங்களிலும் வட்டி சேர்ந்துகொண்டே போனது. கடைசியில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் அதிகாரத்தில், நீதிமன்றம் போகாமலே வங்கி ஈட்டுச் சொத்தை ஏலம் விடலாம். 2024இல் அந்த அதிகாரத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க வேண்டியிருந்தது என்றால், எத்தனை பேர் அந்த விளிம்பில் நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இது குத்தகைக்காரரையும் தொடும். உங்களுக்கு முன்பே உரிமையாளர் அந்தக் கட்டடத்தை ஈடு வைத்திருந்தால், ஏலத்தில் எடுப்பவர் உங்கள் குத்தகையை மதிக்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகலாம். வங்கியின் எழுத்துமூல இணக்கம் வாங்காமல் முற்பணம் கொடுக்கக் கூடாது.

ஊழியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. கைமாறும்போது பேசப்படும் சொத்துப் பட்டியலில் கட்டில், மேசை, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் இருக்கும். அங்கே வருடக்கணக்காக வேலை செய்தவர்களின் சேமலாப நிதி நிலுவை இருக்காது. பெரும்பாலும் அவர்கள் நம் தோட்டத்துப் பிள்ளைகள். நிலுவையை விற்பவர் தீர்த்த ரசீதைப் பார்த்த பிறகே சாவியை வாங்குங்கள்.

கந்தப்பளையில் பழைய தேயிலைத் தொழிற்சாலையை ஹோட்டலாக்கிய பெருநிறுவனம் 1990களிலிருந்து போரையும் பெருந்தொற்றையும் கடந்து நிற்கிறது. அந்த நிறுவனத்துக்குக் கடற்கரையிலும் ஹோட்டல்கள் உண்டு, வேறு தொழில்களும் உண்டு. ஒரே விடுதியை மட்டும் நம்பி இறங்கும் நம்மவருக்குத் தாங்கிப்பிடிக்க இன்னொரு கை கிடையாது. அந்தக் கையைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். வாடகையின் பெரும்பகுதி வருமானத்தில் ஒரு பங்காக இருக்கட்டும். நிலையான தொகை சிறியதாக இருக்கட்டும். வீதி அறுந்தால், விமான நிலையம் மூடப்பட்டால், அரசு பயணத்தடை விதித்தால் அந்த மாதங்களுக்கு வாடகை நிற்க வேண்டும். அந்த மாதங்கள் குத்தகையின் கடைசியில் சேர வேண்டும். மூன்று மாத அறிவித்தலில் வெளியேறும் உரிமை வேண்டும். முற்பணம் ஒரே தடவையில் போகக் கூடாது. கூரை, கொதிகலன், மலக்குழி ஆகியவற்றின் பெரும் பழுதுகள் உரிமையாளரின் செலவு என்று எழுத்தில் வேண்டும். நல்ல காலத்தில் இவற்றைக் கேட்டால் சிரிப்பார்கள். இப்போது கேட்கலாம், வீழ்ச்சிக் காலம் எடுப்பவருக்குத் தரும் உண்மையான அனுகூலம் இதுவே. ஆனால் நம்மவர்களோ வாடகையைப் பத்தாயிரம் ரூபாய் குறைத்துவிட்டால் போதும் என்று அங்கேயே பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

இவற்றைக் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "இதையெல்லாம் ஒத்துக்கொள்வாரா அண்ணன்?" என்றார். கேட்டுப் பார்க்கச் சொன்னேன். வாடகை ஒன்றும் வராமல் ஓர் அறையும் வருமானம் தராதபோது, ஈரத்தில் அழுகும் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நாணயமான சமையற்காரர் கிடைப்பது உரிமையாளருக்கும் நல்லதுதானே. பேசினார்கள். வருமானப் பங்குக்கும் இடர்கால வாடகை நிறுத்தத்துக்கும் உரிமையாளர் இசைந்துவிட்டார். வெளியேறும் உரிமைக்கு மூன்று மாதத்துக்குப் பதில் ஆறு மாதம் கேட்கிறார். வங்கியின் இணக்கக் கடிதம் இன்னும் வரவில்லை. அது வரும்வரை முற்பணத்தைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். இதற்கிடையில் தம்பி வாரயிறுதிகளில் ஊர்க் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறார்.